கண் மேலே போனால்

என் மகளைப் பற்றி ஒரு தாள் வைத்திருந்தேன். முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம், கம்ப்யூட்டர் சென்டரில் அடித்து லேமினேட் செய்தது. மேலே சாம்பார் கொட்டினாலும் துடைத்துவிட்டுப் படிக்கலாம். எந்த ஊருக்குப் போனாலும் பெட்டியிலிருந்து முதலில் வெளியே வருவது அதுதான். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ், நாத்தனார் வீட்டுக்குப் புதிதாக வந்த வேலைக்காரப் பெண், எல்லார் கையிலும் ஒன்றைத் திணித்துவிடுவேன். வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றிய பிறகு கண்டுபிடித்த வழி அது.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. பிறக்கும்போது மூச்சு முட்டியதில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. நடக்க மாட்டாள். சக்கர நாற்காலியில் பெல்ட் போட்டு உட்கார வைத்தால் உட்காருவாள். கையும் காலும் அவள் சொன்னபடி கேட்காது. நீட்ட நினைத்தால் மடங்கும், மடக்க நினைத்தால் விறைக்கும். வாயிலிருந்து சத்தம் வரும், சொல் வராது.

தாளின் முதல் வரி இது: 'இவளுக்குப் பேச்சு வராது. நாம் சொல்வது புரியாது.' அதற்குக் கீழே தண்ணீரைப் பற்றி. சாதாரணத் தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், பவுடர் கலந்து கூழ் பதத்தில் ஸ்பூனால்தான் கொடுக்க வேண்டும். சாப்பாடு மசித்திருக்க வேண்டும், மிளகு கடுகு கறிவேப்பிலை கூடாது. பிறகு காலில் இருக்கும் ஸ்பிளிண்ட். பாதம் கோணிவிடாமல் இருக்கப் பிளாஸ்டிக்கில் அச்செடுத்துச் செய்து, பட்டை போட்டு இறுக்குவது. அதை என்னைத் தவிர யாரும் கழற்றக் கூடாது. கடைசியில் தடித்த எழுத்தில், அடிக்கோடு போட்டு: 'கண் மேலே போனால் ஃபிட்ஸ். உடனே அம்மாவைக் கூப்பிடவும்.'

இந்தக் கடைசி வரிக்கு ஒரு காரணம் உண்டு. ஐந்து வயதில் அவளுக்கு இரண்டு தடவை பெரிய ஃபிட்ஸ் வந்து உடம்பு முழுக்க வெட்டி இழுத்தது. அப்போது பார்த்த டாக்டர், "இனிமே சின்னதாவும் வரலாம்மா. சில பிள்ளைங்களுக்குக் கண்ணு மட்டும் மேல போகும், வேற ஒண்ணும் தெரியாது. அப்படிப் போனா குறிச்சு வைங்க" என்றார். என்னிடம் ஒரு வேலையைச் சொன்னால் போதும், குரங்குப்பிடிதான். அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். ஆறு வருஷத்தில் அது நாலாவது நோட்டாகியிருந்தது. கண் மேலே போன ஒவ்வொரு தடவையும் மணியோடு எழுதினேன். அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவளுக்கு மாத்திரை கூடியது, குறைந்தது, மறுபடி கூடியது.

போன வருஷம் அவளுடைய ஸ்பெஷல் ஸ்கூல் அரையாண்டு லீவில் எங்காவது போகலாம் என்று என் கணவர் ஆரம்பித்தார். கடற்கரை என்றால் மணலில் சக்கரம் புதையும். மலை என்றால் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பாள். காஞ்சிபுரம் என்றால் தெரு சமதரை, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு, நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த மாதிரியும் ஆச்சு என்று முடிவு செய்தது நான். சேலத்திலிருந்து காரில் ஆறு மணி நேரம். யாருக்காகப் போகிறோமோ அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

ஹோட்டல் சின்ன காஞ்சிபுரம் போகும் சாலையில் இருந்தது. ரேம்ப் இருக்கிறதா என்று மூன்று தடவை போனில் கேட்டிருந்தேன். மூன்று தடவையும் "இருக்குது மேடம்" என்றார்கள். பொய் சொல்லவில்லை, இருந்தது. அதன் மேல் நாலு பைக்கும் இரண்டு பூந்தொட்டியும் இருந்தன.

"வண்டி நிறுத்தத் தோதா இருக்குதுன்னு விட்டுட்டாங்க மேடம்" என்றார் மேனேஜர். நாற்பது வயது இருக்கும், நெற்றியில் பளிச்சென்று திருமண்.

"வண்டிக்குத்தான் சார் ரேம்ப். என் பொண்ணு வண்டிக்கு."

பைக்குகளை எடுக்கக் கால் மணி நேரம் ஆனது. அதற்குள் நான் வெயிலிலேயே கத்தி முடித்திருந்தேன். என் கணவர் பூந்தொட்டியைத் தானே தூக்கி வைத்தார். நான் கத்தும்போதெல்லாம் அவர் ஏதாவது ஒன்றைத் தூக்கி வைப்பார், அது அவர் பழக்கம்.

உள்ளே போனதும் ரிசப்ஷனில் தாளைக் கொடுத்து, கொடுத்த கையோடு வாயாலும் ஆரம்பித்தேன். மகள் என் இடுப்பு உயரத்தில், நாற்காலியில், பக்கத்திலேயே இருந்தாள்.

"இவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். ஆறு மாசக் குழந்தைன்னு நினைச்சுக்கோங்க. பொம்மை மாதிரி, வெச்ச இடத்துல இருப்பா. வலின்னாலும் சொல்லத் தெரியாது, பசின்னாலும் சொல்லத் தெரியாது. எதுவா இருந்தாலும் என்னையத்தான் கேக்கணும்."

மேனேஜர் உச்சுக் கொட்டினார். "வரதராஜர் கோயில்ல பல்லிய தொட்டு வைங்க மேடம். எல்லாம் சரியாப் போயிடும்."

"பல்லியைத் தொட்டா பல்லி விழுந்த தோஷம் போகும் சார். மூளை அடிபட்டது போகாது" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெடுக்கென்று பேசி நாலு பேர் வாயை அடைத்துவிட்டால் அன்றைக்கு ஒரு வேலை செய்த திருப்தி எனக்கு.

எங்கள் அறையைக் கவனிக்க ஒரு அக்காவை அனுப்பினார்கள். ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லி, சேலைக்கு மேல் நீலக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. செவிலிமேட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவர். தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படித்தார். அத்தனை வருஷத்தில் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிப் படித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். படித்துவிட்டுத் தாளை என்னிடம் கொடுத்தவர், நேரே மகளிடம் போய், முட்டி சொடக்குப் போட, அவள் எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"இன்னா கண்ணு, ஃபேன் காத்து மூஞ்சில அடிக்குதா? கொறைக்கட்டா?"

"அவளுக்குப் புரியாதுங்க. எதுவா இருந்தாலும் எங்கிட்ட கேளுங்க."

"சரிமா" என்று எழுந்தார். போகும்போது ஃபேனை இரண்டு புள்ளி குறைத்துவிட்டுப் போனார். சொன்னதைக் கேட்காத ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனோம். பிரகாரத்தில் பாதி தூரம் போவதற்குள் மகள் அழ ஆரம்பித்துவிட்டாள். கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். சாப்பிடும்போதும் அழுதாள். தண்ணி மாறினதால் இருக்கும் என்றேன். படுக்க வைக்கையில் ஸ்பிளிண்டைக் கழற்றினபோது வலது கணுக்கால் எலும்புமேல் சிவந்திருந்தது. ஊருக்குக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அதைப் புதிதாகச் செய்து வாங்கியிருந்தோம். "புதுசுல கொஞ்சம் சிவக்கும், பழகிடும்" என்று செய்து கொடுத்தவர் சொல்லியிருந்தார். அதனால் சிவப்பையும் பார்த்தேன், பழகிவிடும் என்றும் விட்டேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது.

மறுநாள் காலையில் என் கணவர், வரதராஜர் கோயிலில் எந்த வாசல் வழியாகச் சக்கர நாற்காலியைக் கொண்டுபோகலாம் என்று விசாரிக்கக் கிளம்பினார். நான் மகளைக் குளிப்பாட்டி, ஸ்பிளிண்டை மாட்டி, அழ அழ நாற்காலியில் உட்கார வைத்தேன். அக்கா அறையைப் பெருக்க வந்தார். "பத்து நிமிஷம் பார்த்துக்கோங்க, சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன்" என்று கீழே சமையலறைக்குப் போனேன்.

அங்கே ஒரு கூத்து. குழந்தைக்கு விசேஷமாகக் கொடுக்க வேண்டும் என்று மாஸ்டர் ஆசை ஆசையாகக் கோயில் இட்லி வேக வைத்திருந்தார். உடைத்த மிளகும் சுக்கும் சீரகமும் போட்டு, நெய் மணக்க. தாளைச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தார். "மிளகு கூடாதுன்னு போட்டிருக்கேனே மாஸ்டர்" என்றால், "அது சாதா இட்லிக்குன்னு நெனச்சிக்கினேன்மா, இது பெருமாள் இட்லியாச்சே" என்கிறார். சிரிப்பதா அடிப்பதா தெரியவில்லை. வேறு இட்லி வெந்து, அதைப் பாலில் மசித்து வாங்கி வர இருபது நிமிஷம் ஆகிவிட்டது.

கதவு திறந்திருந்தது. உள்ளே பார்த்தேன். தட்டு கையிலிருந்து நழுவியதா, நான் போட்டேனா என்று இன்றைக்கும் தெரியாது.

இரண்டு ஸ்பிளிண்டும் கழன்று தரையில் கிடந்தன. அக்கா அவள் எதிரே குந்தியிருந்தார், மகளின் வெறுங்கால் அவர் மடியில். மகளின் கண்கள் மேலே போயின. இறங்கின. அவர் ஏதோ கேட்டார். மறுபடி மேலே போயின. மறுபடி. மறுபடி. அந்தம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

வரிசையாக ஃபிட்ஸ் வருகிறது, இந்தப் பொம்பளை உட்கார்ந்து சிரிக்கிறது. என் கண்ணுக்கு அதுதான் தெரிந்தது. பாய்ந்து போய் மகளைப் பிடித்தேன், நாடியைப் பார்த்தேன், தாடையைப் பிடித்துப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்து மிரண்டாள், பிறகு வீறிட்டாள்.

"என்ன பண்றே நீ? எழுதியிருக்கேன்ல? கண்ணு மேல போனா கூப்பிடுன்னு எழுதியிருக்கேன்ல?"

கோபத்தில் 'நீங்க' எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"ஃபிட்ஸு இல்லமா அது. நீ பதறாத. கால் வலிக்குதாம், அதான் கழட்டினேன். எலும்பாண்ட பாரு."

"வலிக்குதாமா? யார் சொன்னது?"

"பொண்ணுதான் சொல்லுச்சு. வலிக்குதான்னு கேட்டேன், ஆமான்னு மேல பாத்துச்சு."

அதற்கு மேல் அவரைப் பேச விடவில்லை. பதினொரு வருஷமாகக் கூடவே இருக்கும் எனக்குச் சொல்லாததை நேற்று வந்தவளிடம் சொன்னாளாம். பொய் சொன்னதைவிட அந்தப் பொய் எனக்கு வலித்ததுதான் கோபம். மகளின் காலைப் பார்க்கவில்லை. பார் என்று அவர் சொன்னதாலேயே பார்க்கவில்லை. சாக்ஸை இழுத்துவிட்டு ஸ்பிளிண்டை மாட்டி, எப்போதும் இறுக்குவதைவிட ஒரு பிடி கூடவே இறுக்கினேன். மகள் கத்தினாள். "பாரு, பிள்ளையை எப்படிப் பயமுறுத்தி வெச்சிருக்கே" என்று அதற்கும் அவரையே திட்டினேன்.

பிறகு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ரிசப்ஷனுக்கு வந்தேன். வந்து போகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"இந்தம்மாகிட்ட என் பொண்ணு பேசினாளாம் சார்! வாயே திறக்காத பொண்ணு, கால் வலிக்குதுன்னு சொன்னாளாம்! இவங்க கழட்டிப் போட்டாங்களாம்!"

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா படியருகே துடைப்பத்தோடு நின்றார். மேனேஜர் என்னிடம் நாலு தடவை ஸாரி சொன்னார். அக்காவிடம், "நீ இனி அந்த ரூமாண்ட போகாத. துணி தோய்க்கிற எடத்துக்குப் போ" என்றார். அவர் போனார்.

என் கணவர் திரும்பி வந்ததும் பிடிவாதமாக வரதராஜர் கோயிலுக்குக் கிளம்பினேன். நடந்ததற்கெல்லாம் ஒரு சாமி கும்பிட்டால் சரியாகும் என்று எனக்கு நினைப்பு. மகள் போகும்போதும் அழுதாள், வரும்போதும் அழுதாள். ஒரு மணி சுமாருக்கு அறைக்கு வந்து படுக்க வைத்து ஸ்பிளிண்டைக் கழற்றினேன்.

வெள்ளை சாக்ஸ். கணுக்கால் பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பாக ஊறியிருந்தது. மெதுவாக உரித்தேன். தோல் சாக்ஸோடு வந்தது.

என் கணவர் எட்டிப் பார்த்தார், "ஐயோ" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்துக் கடைக்கு ஓடினார். அந்தப் புண்ணின் மேல்தான் காலையில் ஒரு பிடி கூட இறுக்கியிருக்கிறேன். அதோடு மூன்று மணி நேரம் கோயிலைச் சுற்றியிருக்கிறேன். பெருமாளே, எனக்கு நல்லா வேணும் என்று சொல்லிச் சொல்லி நெற்றியில் அடித்துக்கொண்டேன். ஆனால் வலித்தது எனக்கில்லையே.

அப்போதுதான் 'பொண்ணுதான் சொல்லுச்சு' என்றது காதில் திரும்பி வந்தது.

கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். என் முகமும் அவள் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. கேட்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. பைத்தியக்காரி மாதிரி இருந்தது.

"வலிக்குதாடா?"

கண்கள் மேலே போயின.

என் கை தானாக நோட்டைத் தேடியது. அப்படிப் பழகிய கை. அதை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். பஞ்சும் மருந்துமாக என் கணவர் வந்து, புண்ணைத் துடைத்துக் கட்டுப் போட்டு முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு, "இங்க உட்காருங்க. நான் கேக்கறேன், நீங்க அவ கண்ணை மட்டும் பாருங்க" என்றேன்.

"நான் உன் அத்தையா?"

கண்களை இறுக்கி மூடினாள்.

"நான் உன் அம்மாவா?"

மேலே பார்த்தாள்.

"அப்பா குறட்டை விடுவாரா?"

மேலே. உதடு கோணிச் சிரிப்பு வேறு.

"அப்பா ஒல்லியா?"

இறுக்கி மூடினாள்.

"ரெண்டுமே உண்மை" என்றார் என் கணவர். சொல்லிவிட்டு எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. அவர் வெளியே வரவில்லை.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

"நாங்க பேசுறது உனக்குப் புரியுதா?"

மேலே.

"எப்பவுமேவா? சின்ன வயசிலேர்ந்தா?"

மேலே.

சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். இல்லை. இத்தனை வருஷம் இவள் முன்னால் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! நேற்று ரிசப்ஷனில் பொம்மை என்றேன். பந்தியில், பஸ்ஸில், ஸ்கூல் வாசலில், 'இதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அது போகட்டும். ஒரு தடவை, மூன்று ராத்திரி தூங்காமல் இருந்த அலுப்பில், என் கூடப்பிறந்தவளிடம் போனில், 'இவ பொறக்காமயே இருந்திருக்கலாம்டி' என்று அழுதேன். அப்போது மகள் என் மடியில்தான் படுத்திருந்தாள். அவள் தலையைத் தடவிக்கொண்டேதான் அதைச் சொன்னேன்.

நோட்டை எடுத்துப் பிரித்தேன். என் கையெழுத்து, மணி மணியாக. காலை ஏழே முக்கால், இட்லி ஊட்டும்போது. மாலை ஐந்தே கால், ஸ்கூல் வேன் வந்தபோது. ஏழு மணி, அப்பா உள்ளே வந்தபோது. ஞாயிறு, சித்தி வீட்டு நாய் பக்கத்தில் வந்தபோது, மூன்று தடவை. அப்பா வரும் நேரம் பார்த்து ஃபிட்ஸ் வருமா? நாயைக் கண்டால் வருமா? இன்னொரு இட்லி வேணுமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டிருப்பேன், அவள் ஆமாம் என்றிருப்பாள். நான் தட்டை வைத்துவிட்டு நோட்டை எடுத்திருப்பேன். ஆறு வருஷமாக அவள் சொன்ன ஆமாம்களையெல்லாம் நோய் என்று எழுதி வைத்து, அதற்கு மாத்திரையும் கொடுத்திருக்கிறேன். எல்லாமே அப்படி என்று சொல்ல மாட்டேன், நிஜமான ஃபிட்ஸும் நடுவில் இருந்திருக்கலாம். ஊர் திரும்பியதும் வீடியோ எடுத்து டாக்டரிடம் போனோம், அவர் நிதானமாகப் பார்த்துப் பிரித்தார். அது பிறகு நடந்தது. அன்றைக்கு எனக்கு அந்த நோட்டை மறுபடி தொடவே பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு ஹோட்டல் வாசலில் போய் நின்றேன். டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி அக்கா வந்தார். கையில் தூக்குவாளி. என்னைப் பார்த்ததும் ஒதுங்கிப் பின் பக்கமாகப் போகப் பார்த்தார்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொன்னது நிஜம். கால்ல புண்ணு. அவ பேசறா."

அவர் உருகிவிடவில்லை. தூக்குவாளியைக் கைமாற்றிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"நேத்து எத்தினி பேரு எதிர்ல கத்தினமா நீ? எம்மருமவ கூட என்னைய அப்டி பேசினதில்ல. இப்ப ஆளில்லாத நேரத்துல வந்து மன்னிச்சிக்கன்னு சொல்ற. என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? உள்ள போய் சொல்லு. அதே எடத்துல. நேத்து கத்தின அதே சத்தத்துல."

நியாயம்தான். வெடுக்கென்று பேசுகிறவளுக்கு வெடுக்கென்று பேசத் தெரிந்த ஆள் கிடைத்துவிட்டது.

உள்ளே போனேன். மேனேஜர் சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார். டூர் வந்த குடும்பம் ஒன்று பெட்டிகளோடு நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டு, நேற்றைய குரலிலேயே சொன்னேன். "சார், நேத்து நான் சொன்னது தப்பு. என் பொண்ணு இந்த அக்காகிட்ட பேசினா. கால் வலிக்குதுன்னு சொன்னா. இவங்களுக்குப் புரிஞ்சுது, பெத்தவ எனக்குப் புரியல." டூர் குடும்பம் வாயைப் பிளந்து பார்த்தது. மேனேஜர் பூவைக் கையிலேயே வைத்திருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சத்தத்தைக் குறைக்கவில்லை.

"போதும்மா" என்றார் அக்கா பின்னாலிருந்து. "வா, பொண்ணைப் பாப்போம்."

அறைக்கு நடக்கும்போது கேட்டேன். "உங்களுக்கு மட்டும் எப்படிக்கா தெரிஞ்சுது?"

"நான் தறி ஓட்டினவமா. கோர்வ சேலைக்குத் தறில ரெண்டாளு வேணும். ஒடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு இல்ல? எங்க வீட்டுக்காரரு தறிக் குழியில உக்காந்து நெய்வாரு. நான் பக்கத்துல உக்காந்துக்கினு கரைக்கு நூல் ஓட்டுற நாடாவ தள்ளுவேன். ஒரே கூடத்துல நாலு தறி, லொட லொடன்னு காதே கேக்காது. அவரு வேற வாய்க்குள்ள எண்ணிக்கினே இருப்பாரு, பேச்சுக் குடுத்தா எண்ணிக்கை பூடும். அதனால கண்ணுதான். மேல பாத்தா, ஆமா, போடு. மூடினா, வேணாம், இரு. இருவத்திரண்டு வருசம் அப்டித்தான் குடும்பம் நடத்தினோம். சண்டையும் அதுலதான். முட்டி போனதால நான் இந்த வேலைக்கு வந்துட்டேன், இப்ப எம் எடத்துல எங்க நாத்தனா உக்காந்துக்கினு இருக்குது. மொத நாளு ஃபேன கொறைக்கட்டான்னு கேட்டப்ப உம்பொண்ணு மேல பாத்துச்சு. அட, இது நம்ம பாஷையாச்சேன்னு நெனச்சேன்."

அறையில் மகள் விழித்திருந்தாள். அக்காவைப் பார்த்ததும் உடம்பெல்லாம் துள்ளியது. அவர் முட்டி சொடக்குப் போட எதிரே குந்தினார். "கால் தேவலையா கண்ணு?" மேலே. "இன்னிக்கும் கோயிலுக்குப் போறியா?" கண்கள் இறுக மூடின, இமை சுருங்கும் அளவுக்கு. என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு நாளாக அவளை இழுத்துக்கொண்டு போனது நான்தானே.

அக்காவின் காதருகே குனிந்து, "எம்மேல கோபமான்னு கேளுங்கக்கா" என்றேன்.

"அத நான் கேக்க மாட்டேன். உம்பொண்ணு, நீயே கேளு. ஆனா ஒண்ணு. கேட்டுட்டு நீயே பதில் சொல்லாத. இரு. அதுக்கு நேரம் வேணும்."

அவர் எழுந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன்.

"அம்மா மேல கோபமாடா?"

அவள் என்னைப் பார்த்தாள். நேராக, ரொம்ப நேரம். எனக்குள் பதில்கள் வரிசையாக எழுந்தன, இல்லை என்பாள், குழந்தைதானே, அம்மா இல்லையா. பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

கண்கள் மேலே போயின.

"ரொம்பவா?"

மேலே போன கண்கள் கீழே இறங்கவே இல்லை.

"அம்மாவுக்குத் தெரியாதுடா கண்ணு" என்று ஆரம்பித்தேன். "டாக்டர்தான் அப்போ சொன்னாரு, கண்ணு மேல போனா அது வந்து..."

அவள் கண்களை இறுக்கி மூடினாள்.

நான் பேச்சை நிறுத்தினேன். அவள் திறக்கும்வரை, வாயைத் திறக்காமல், அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.